நாட்பட்ட நோவும் நெடுநாள் குளிசைகளும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியின் அரச வைத்தியசாலைகளில் மருந்து கொடுக்கும் யன்னலுக்குப் பின்னால் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நின்றவன் நான். வைத்தியரிடம் கேட்கத் தயங்கிய ஒன்றை, குளிசை உறையை வாங்கும்போது யன்னல் கம்பிக்கூடாக மெல்லிய குரலில் கேட்பவர்கள் பலர். அந்தக் கேள்விகளில் பாதிக்கு மேல் நோவைப் பற்றியவை. ஓய்வுபெற்ற பின்னரும் அவை வீட்டுப் படலை வரை வந்துகொண்டிருப்பதால், கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தந்திருக்கிறேன். நான் மருந்தாளர், வைத்தியர் அல்லன். ஆகவே இதை வாசித்துவிட்டு எந்த மருந்தையும் தாமாகத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். அடுத்த கிளினிக்கில் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவினால் போதும்.

எத்தினை நாள் நொந்தா அதை நாட்பட்ட நோ எண்டு சொல்லுறது?

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் நோவை, அல்லது போய்ப் போய்த் திரும்பி வரும் நோவை, நாட்பட்ட நோ என்கிறார்கள். கையில் கத்தி பட்டால் ஏற்படும் நோ, வெட்டு ஆறியதும் போய்விடும். நாட்பட்ட நோவில் காயம் ஆறிய பின்னும் நோ நிற்கிறது, அல்லது மூட்டுத் தேய்வு போல் முழுவதும் ஆறாத ஒரு காரணம் தொடர்ந்து இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, நாட்பட்ட நோவுக்கென்று அதில் தனிக் குறியீடுகளே வழங்கப்பட்டன.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், ஐந்து நாளைக்கென்று எழுதப்பட்ட குளிசையை ஐந்து வருடம் போடுவதில்தான் இப்பக்கத்தில் பேசப்படும் சிக்கல்களில் பெரும்பாலானவை தொடங்குகின்றன.

எக்ஸ்ரேயில ஒண்டுமில்லையாம். அப்ப என்ர நாரி உளைவு பொய்யோ?

பொய் இல்லை. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். தசையையும் நரம்பையும் காட்டாது, நோவை எந்தப் படமும் காட்டாது. நீண்ட காலம் நோவைக் கடத்திய நரம்புகள் கூர்மையடைந்து, முன்பு நோவாக உணரப்படாத சிறு அசைவையும் நோவாக மூளைக்கு அனுப்பத் தொடங்குகின்றன. அந்த நோ உண்மையானது.

மறுபக்கமும் உண்டு. நாரி நோவே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. அல்லது சி.ரி. ஸ்கான் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, 20 வயதினரில் 37 சதவீதத்தினரிலும் 80 வயதினரில் 96 சதவீதத்தினரிலும் முள்ளந்தண்டுத் தட்டுகளில் தேய்வு தெரிந்தது. ஆகவே படத்தில் ‘தட்டுத் தேய்ந்திருக்கு’ என்று எழுதியிருப்பதால் மட்டும் அதுதான் நோவுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. காணியை ஈடு வைத்துக் கொழும்புக்குப் போய் ஸ்கான் எடுத்து வந்தவர்களுக்கு இதைச் சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருந்திருக்கிறது.

அப்ப எந்த நோவுக்குத்தான் உடன ஓடவேணும்?

நாரி நோவுடன் சிறுநீர் போகாமல் அடைபட்டால், அல்லது மலமும் சிறுநீரும் அறியாமல் போனால், இரண்டு தொடைகளுக்கும் இடைப்பட்ட பகுதி மரத்துப்போனால், இரு கால்களும் வலுவிழந்தால், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நெஞ்சு நோ, மூச்சுத் திணறல், கறுப்புத் தார் போன்ற மலம், இரத்த வாந்தி ஆகியவையும் அப்படியே. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, இரவில் எழுப்பும் நோ, முன்பு புற்றுநோய் அல்லது காசநோய் இருந்த வரலாறு ஆகியவை இருந்தால் அடுத்த மாத கிளினிக் வரை காத்திராமல் அந்தக் கிழமையே காட்ட வேண்டும். முள்ளந்தண்டில் காசநோய் வந்து, அதை வெறும் நாரிப்பிடிப்பு என்று நினைத்து எண்ணெய் பூசிக்கொண்டிருந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

பனடோல் ஒண்டுஞ் செய்யாதுதானே? நினைச்ச நேரம் போடலாம்தானே?

அளவோடு போட்டால் இருப்பவற்றுள் பாதுகாப்பானது அதுதான். வளர்ந்த ஒருவர் 500 மில்லிகிராம் குளிசைகளில் 24 மணித்தியாலத்துக்கு எட்டுக்கு மேல் போடக் கூடாது. ஒரு வேளைக்கு இரண்டு, வேளைகளுக்கிடையே குறைந்தது நான்கு மணித்தியாலம், ஆறு மணித்தியாலம் விட்டால் இன்னும் நல்லது. உடல் மெலிந்தவர்கள், ஈரல் வருத்தக்காரர், நாள்தோறும் குடிப்பவர்கள் ஆகியோருக்கு இந்த எட்டே கூட. அவர்களின் அளவை வைத்தியர் சொல்ல வேண்டும்.

ஆபத்து, தெரியாமல் இரட்டிப்பதில் இருக்கிறது. தடிமன் குளிசைகள் பலவற்றுக்குள் பரசிற்றமோல் இருக்கிறது. பனடோலும் பரசிற்றமோலும் வெவ்வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் சேர்த்துப் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அளவு மீறியவருக்கு முதல் நாள் ஒன்றும் தெரியாது, சத்தி வந்தாலும் நின்றுவிடும், ஆனால் ஈரல் அதற்குள் பழுதாகத் தொடங்கியிருக்கும். கூடப் போட்டுவிட்டோம் என்று தெரிந்தால், சுகமாக இருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அதற்கு மாற்று மருந்து உண்டு, அது நேரத்தோடு கொடுத்தால்தான் முழுமையாக வேலை செய்யும்.

தங்கச்சி பிரான்சில இருந்து குளிசை அனுப்பியிருக்கிறா. அது நல்ல பவர்தானே?

பெயர்தான் வேறு. பிரான்சின் டொலிப்ரான், சுவிற்சர்லாந்தின் டஃபல்கான், கனடாவின் டைலனோல் எல்லாமே நம்முடைய பனடோல்தான். டொலிப்ரானிலும் டஃபல்கானிலும் ஒரு குளிசையே 1000 மில்லிகிராமாக வருவதுண்டு, அதாவது இரண்டு பனடோல். மேற்சொன்ன எட்டு என்ற கணக்கு அதற்கு நான்காகிவிடும். ‘பவர்’ என்று தோன்றுவதன் காரணம் இதுவே.

கனடாவின் அட்வில் என்பது இபுபுரூபன், அலீவ் என்பது நப்ரொக்சன். இவை டைக்ளோபெனாக்கின் உறவுகள், அடுத்த பதிலில் வரும் எச்சரிக்கைகள் எல்லாம் இவற்றுக்கும் பொருந்தும். இங்கிலாந்திலிருந்து வரும் கோ-கொடமோலில் பரசிற்றமோலுடன் கொடெயின் சேர்ந்திருக்கிறது. ஜேர்மனியின் நொவல்ஜின் வேறு வகை. அரிதாக அது வெண்குருதிக் கலங்களை விழுத்திவிடும் என்பதால், அதைப் போடும்போது தொண்டை நோவும் காய்ச்சலும் வந்தால் உடனே நிறுத்திக் குருதிப் பரிசோதனை செய்ய வேண்டும். வெளிநாட்டுப் பெட்டியைக் கிழித்தெறியாமல் குளிசையுடன் கிளினிக்குக்குக் கொண்டுவாருங்கள். சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை வாசித்துச் சொல்ல எங்களுக்கு ஒரு நிமிடம் போதும்.

டைக்ளோபெனாக் போட்டாத்தான் வயலுக்க இறங்கலாம். தினம் போட்டா என்ன?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. வயதான தாயார் ஒருவர் ஒருமுறை கடைப்பை ஒன்றை யன்னல் மேடையில் கவிழ்த்தார். வைத்தியசாலைக் கடதாசி உறையில் டைக்ளோபெனாக், தனியாரிடம் சனல் பண்ணி வாங்கிய அட்டையில் வோல்டரன், சந்திப் பாமசியில் பெயர் எழுதாத சிறு பொலித்தீனில் இன்னும் பத்து. மூன்றும் ஒன்றே. முழங்காலுக்கு ஒன்று, நாரிக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று என்று நினைத்து, மூன்றையும் அவர் ஒரே நாளில் போட்டுவந்திருந்தார். அவர் கணக்கில் பிழையில்லை. மூன்று இடத்திலும் அவருக்கு யாரும் சொல்லவில்லை, அந்த மூன்றில் ஓர் இடம் எங்கள் யன்னல்.

இந்த வகை மருந்துகள் (டைக்ளோபெனாக், இபுபுரூபன், மெபனமிக் அசிட், நப்ரொக்சன்) வீக்கத்தைக் குறைப்பதால் உண்மையிலேயே நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் அவை தடுக்கும் அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது, சிறுநீரகத்துக்குள் குருதி செல்லும் நுண்குழாயை விரித்து வைத்திருக்கிறது. நாள்தோறும் போடும்போது இரைப்பையில் புண் வந்து கசியலாம், பிரஷர் கூடலாம், கால் வீங்கலாம், மாரடைப்பின் வாய்ப்பும் உயர்கிறது. இதே நோக்கில் வந்த ரொபெகொக்சிப் என்ற மருந்து மாரடைப்புக் காரணமாக 2004இல் உலகச் சந்தையிலிருந்தே எடுக்கப்பட்டது. டைக்ளோபெனாக்கின் இதய ஆபத்தும் அந்த வகை மருந்துகளுடையதற்கு ஒப்பானது என்று ஐரோப்பிய மருந்து முகவரகம் 2013இல் அறிவித்தது.

வன்னியில் நான் எல்லாவற்றுக்கும் மேலாக அஞ்சுவது சிறுநீரகத்தை. வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து கண்டறியப்பட்ட, காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியாப் பக்கமும் இருக்கிறது. சிறுபோக வெயிலில், போதிய தண்ணீர் குடியாமல் வயலில் நிற்பவரின் சிறுநீரகம் ஏற்கெனவே குறைந்த குருதியுடன் வேலை செய்கிறது. அந்த நேரம் டைக்ளோபெனாக் போடுவது, வற்றிய குளத்தின் வாய்க்காலையும் அடைப்பது போலாகும். சிறுநீரகம் பெருமளவு பழுதாகும் வரை ஓர் அறிகுறியும் தெரியாது. ஆகவே இவ்வகை மருந்தை அடிக்கடி போடுபவர்கள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் சீரம் கிரியற்றினின் என்ற குருதிப் பரிசோதனையையும் பிரஷரையும் பார்க்கும்படி கேட்க வேண்டும். போடத்தான் வேண்டும் என்றால் மிகக் குறைந்த அளவில், மிகக் குறைந்த நாட்களுக்கு, சாப்பாட்டுக்குப் பின், தண்ணீர் நன்றாகக் குடித்துக்கொண்டு போடுவதே முறை. முழங்காலுக்கும் கை மூட்டுக்கும் அதே மருந்தின் பூசும் களிம்பு இருக்கிறது. அதில் குருதிக்குள் போவது மிகச் சொற்பம், ஏனோ அதை நம்முடையவர்கள் மருந்தாகவே மதிப்பதில்லை.

குளிசை வயித்தை எரிக்குது. ஊசி, இல்லாட்டிப் பின்னால வைக்கிற மருந்து எண்டாப் பிரச்சினை இல்லைத்தானே?

இது தவறான நம்பிக்கை. இரைப்பையைப் பழுதாக்குவது குளிசை அங்கே தொட்டுக்கொண்டு கிடப்பதால் மட்டுமன்று. குருதியில் கலந்த மருந்து முன்னைய பதிலில் சொன்ன காப்புப் பொருளை உடல் முழுவதும் தடுப்பதால். ஊசியாலும் புண் வரும், பின்னால் வைப்பதாலும் வரும், சிறுநீரகத்துக்கும் அதே பாதிப்புத்தான். ஒமிபிரசோல் இரைப்பையைக் காக்க உதவும். சிறுநீரகத்தையோ இதயத்தையோ காக்காது.

எனக்குப் பிரஷரும் சீனியும் இருக்கு. கிளினிக் குளிசையோட நோக்குளிசையும் சேர்த்துப் போடலாமோ?

பரசிற்றமோலைச் சொன்ன அளவுக்குள் போடலாம். டைக்ளோபெனாக் வகையை வைத்தியர் தெரிந்தே எழுதினால் ஒழியப் போட வேண்டாம். குறிப்பாக லொசார்டான் அல்லது எனலப்ரில் என்ற பிரஷர் குளிசை போடுபவர், அதனுடன் நீர் போக்கும் குளிசையும் போடுபவர், மூன்றாவதாக டைக்ளோபெனாக்கைச் சேர்த்தால் சிறுநீரகம் சில நாட்களிலேயே செயலிழக்கக்கூடும். வாய்க்கால் கணக்கில் சொன்னால், டைக்ளோபெனாக் உள்ளே வரும் வாய்க்காலை ஒடுக்குகிறது, லொசார்டான் வெளியேறும் வாய்க்காலை அகலத் திறக்கிறது, நீர்க்குளிசை குளத்தின் மட்டத்தை இறக்குகிறது. நடுவில் இருக்கும் வயலுக்குத் தண்ணீர் நிற்காது. வயிற்றோட்டமோ சத்தியோ வந்த நாளில் இந்தச் சேர்க்கை இன்னும் மோசமானது.

காய்ச்சலோட உடம்பு முழுக்க முறிச்சுப் போட்ட மாதிரிக் கிடக்கு. வழமையாப் போடுற நோக்குளிசையைப் போடட்டோ?

வேண்டாம். அது டெங்குவாக இருந்தால் டைக்ளோபெனாக், இபுபுரூபன், மெபனமிக் அசிட், அஸ்பிரின் எல்லாம் இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல் என்றால் பரசிற்றமோல் மட்டும். இதயத்துக்காக அஸ்பிரின் போடுபவர்கள் அதைப் பற்றி அன்றே வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

தலையிடிக்குப் போடுற குளிசையே தலையிடி தருமாம். உண்மையோ?

உண்மை. பரசிற்றமோல் போன்ற சாதாரணக் குளிசையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கொடெயின் கலந்த கூட்டுக் குளிசைகளை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேலாகப் போட்டு வந்தால் தலையிடி நாள்தோறும் வரத் தொடங்கும். நிறுத்தினால் முதல் ஒன்றிரண்டு கிழமை இன்னும் கூடிப் பிறகு குறையும். அந்தக் கிழமைகளைத் தாண்ட முடியாமல்தான் பலர் திரும்பப் போடுகிறார்கள்.

ஒரு சின்ன வெள்ளைக் குளிசை தந்தவை. போட்ட அடுத்த நாளே எல்லா நோவும் பறந்திட்டுது. அதையே வாங்கிப் போடலாமோ?

அவ்வளவு விரைவாக எல்லா நோவும் பறந்தால் அது பெரும்பாலும் ஸ்டெரொயிட், அதாவது பிரட்னிசொலோன் அல்லது டெக்ஸாமெதசோன். வாத மூட்டழற்சி போன்ற சில நோய்களுக்கு அது இன்றியமையாத மருந்து. வைத்தியர் எழுதிய துண்டு இல்லாமல் வாங்கிப் போடும் மருந்தன்று. மாதக்கணக்கில் போட்டால் சீனி ஏறும், பிரஷர் ஏறும், எலும்பு வலுவிழக்கும், கண்ணில் வெள்ளை படரும், கிருமித் தொற்று எளிதில் பிடிக்கும். முகம் உருண்டு பளபளப்பாகும்; அதைப் பார்த்து ‘இப்பதான் உடம்பு தேறியிருக்கு’ என்று அயலவர் சொல்வதும் உண்டு.

இதிலுள்ள பொறி, நிறுத்துவதில் இருக்கிறது. மூன்று கிழமைக்கு மேல் போட்டால் உடல் தானாகச் சுரக்க வேண்டிய அதே பொருளைச் சுரப்பதைக் குறைத்துவிடும். திடீரென நிறுத்துபவருக்குச் சத்தி, தலைச்சுற்று, பிரஷர் விழுதல் என்று உயிராபத்தே நேரலாம். ஆகவே இப்போது போட்டுக்கொண்டிருப்பவர்கள் பயந்து இன்றே எறிந்துவிட வேண்டாம். குளிசையுடன் வைத்தியரிடம் போய்ப் படிப்படியாகக் குறைக்கக் கேளுங்கள். பெயரில்லாத ‘மூலிகை’க் குளிசைகளிலும் பொடிகளிலும் ஸ்டெரொயிட் கலந்திருந்தது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நரம்பு நோவுக்கெண்டு தந்த குளிசையை மனநோய்க்காரருக்குக் குடுக்கிறது எண்டு மருமோன் நெற்றில பாத்துச் சொல்லுறார். நான் என்ன விசரியோ?

இல்லை, அம்மா. அமிற்றிப்ரிலின் முதலில் மனச்சோர்வுக்கு வந்த மருந்து என்பது சரி. ஆனால் நரம்பு நோவுக்கு அதைக் கொடுப்பது மிகக் குறைந்த அளவில். இரவில் 10 அல்லது 25 மில்லிகிராமில் தொடங்குவார்கள். எரிவு, மின்னல் அடித்தது போன்ற குத்து, ஊசி ஏற்றுவது போன்ற விறைப்பு ஆகியவற்றுக்குப் பனடோலோ டைக்ளோபெனாக்கோ பெரிதாக உதவாது, இதுவே உதவும். பலன் தெரியச் சில கிழமைகள் எடுக்கும். நாலு நாள் போட்டுவிட்டு ‘கேக்கேல்லை’ என்று விடுவது வீண். வாய் உலரும், காலையில் தூக்கம் இருக்கும். சிறுநீர் போகக் கடினப்படும் வயதான ஆண்களும், இதயத் துடிப்புப் பிரச்சினை உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கபாபென்டினும் பிரிகபலினும் இதே வேலைக்குத் தரப்படுபவை. தலைச்சுற்றும் மயக்கமும் தருவதால் தொடக்க நாட்களில் மோட்டார்சைக்கிளும் உழவு இயந்திரமும் வேண்டாம். இவை சிறுநீரகத்தால் வெளியேறுபவை, ஆகவே சிறுநீரகப் பழுதுள்ளவருக்கு அளவு குறைய வேண்டும். பிரிகபலினை இளையோர் போதைக்குப் பயன்படுத்தும் பிரச்சினை இலங்கையில் இருக்கிறது. அட்டையை அலுமாரியில் பூட்டி வைத்து, எத்தனை மிச்சம் என்று எண்ணி வையுங்கள்.

டிரமடோல் தந்திருக்கினம். அடிமையாகிடுவனோ?

டிரமடோல் மோர்பின் இனத்தைச் சேர்ந்த நோக்குளிசை. இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நீண்ட நாள் போட்டவர் திடீரென நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், நித்திரையின்மை, வயிற்றோட்டம் வருவது உடல் பழகியதன் விளைவு. யாருக்கும் வரும், குற்றமன்று. நோவுக்காக அல்லாமல் அந்த உணர்வுக்காகவே தேடுவதும், பொய் சொல்லி வாங்குவதும், கெடுதல் தெரிந்தும் நிறுத்த முடியாமல் போவதுமே அடிமைத்தனம். முதலாவது எல்லோரிலும் இரண்டாவதாக மாறுவதில்லை, ஆனால் சிலரில் மாறக்கூடும். முன்பு குடிப்பழக்கம் இருந்தவர்களில் அந்த வாய்ப்புக் கூட.

நாள் போகப் போக அதே அளவு போதாமல் வருவதும், மலம் இறுகுவதும் வழமை. மதுவுடனோ நித்திரைக் குளிசையுடனோ பிரிகபலினுடனோ சேர்ந்தால் மூச்சு மந்தமாகலாம். எழுப்பியும் எழும்பாமல், குறட்டையும் இடைவெளியுமாக மூச்சு விட்டால் 1990க்கு அழையுங்கள். டிரமடோல் வலிப்பையும் தூண்டலாம். வலிப்பு உள்ளவர்களும் மனச்சோர்வுக் குளிசை போடுபவர்களும் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இவ்வளவு ஆபத்துக்கு ஈடாகப் பலன் உண்டா என்பதே என் கேள்வி. நாட்பட்ட நாரி, முழங்கால், இடுப்பு மூட்டு நோவுள்ள 240 அமெரிக்க முன்னாள் படையினரை ஓராண்டு பார்த்து 2018இல் வெளியான ஆய்வில், டிரமடோலை விட வலுவான மோர்பின் வகைக் குளிசைகளே மற்றக் குளிசைகளை விட அன்றாட வேலைகளைச் செய்ய அதிகம் உதவவில்லை. நோவின் கடுமை மற்றக் குளிசை போட்டவர்களிலேயே சற்றுக் குறைவாக இருந்தது.

அப்ப புற்றுநோய்க்காரருக்கு மோர்பின் குடுக்கிறதும் பிழையோ?

பிழையே இல்லை. மேலே சொன்னவை நாட்பட்ட நாரி, மூட்டு நோவுக்கு. புற்றுநோயின் கடும் நோவுக்கு மோர்பினை முறையாக, நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1986இலிருந்தே சொல்லி வருகிறது. ‘மோர்பின் குடுத்தா முடிஞ்சுது’ என்று பயந்து, ஒரு மனிதரை இரவு முழுவதும் கத்த விடும் வீடுகள் இருக்கின்றன. அது உயிரைக் குறைப்பதற்காகக் கொடுக்கும் மருந்தன்று. மலமிளக்கும் மருந்தையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

கால் போய்ப் பதினைஞ்சு வருசம். இல்லாத பாதம் எரியுது. சொன்னாச் சிரிக்கினம்.

சிரிப்பவர்களுக்குத் தெரியாது. கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்குரிய இடம் அப்படியே இருக்கிறது. முதலில், எரிவது இல்லாத பாதத்திலா, எஞ்சிய தண்டிலா என்று பிரித்துப் பாருங்கள். தண்டில் ஓர் இடத்தைத் தட்டினால் மின்னல் போல் அடித்தால் அங்கே நரம்பு முடிச்சிட்டிருக்கலாம். தோல் சிவந்தோ தடித்தோ இருந்தால் செயற்கைக் காலின் குழி பொருந்தவில்லை, குளிசை போடாமல் காலைத் திருத்துங்கள். உடல் எடை மாறிய பின்னும் பழைய காலையே போட்டு நடப்பவர்களில் இது அதிகம்.

இல்லாத பாதமே நோவதற்கு நரம்பு நோக் குளிசைகள் ஓரளவு உதவும். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் அறிமுகப்படுத்திய கண்ணாடிப் பயிற்சியையும் இயன்மருத்துவரிடம் கேளுங்கள்: இரு கால்களுக்கும் நடுவே நீளக் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் காலின் பிம்பத்தைப் பார்த்தபடி அதை மெதுவாக அசைப்பது. எல்லோருக்கும் பலன் தராது, ஆனால் செலவுமில்லை, சிறுநீரகத்துக்குக் கெடுதலுமில்லை.

உடம்புக்க ஷெல் துண்டு கிடக்கு. அதை எடுத்தா நோ போகுமோ?

சில நேரம் போகும், பல நேரம் போகாது. துண்டைத் தேடி வெட்டுவதில் புதிய நரம்பு அறுபட்டு நோ கூடியவர்களும் உண்டு. ஒரு மூட்டுக்குள் கிடக்கும் துண்டு, நரம்பை அழுத்தும் துண்டு, சீழ் பிடித்த துண்டு ஆகியவற்றை எடுப்பது பற்றிச் சத்திரசிகிச்சை நிபுணரே முடிவெடுக்க வேண்டும். மூட்டு நீரில் கிடக்கும் ஈயத் துண்டிலிருந்து ஈயம் கரைந்து குருதியில் கலக்கலாம் என்பதால், அந்த இடம் தனிக் கவனம் பெறுகிறது.

எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகுமுன் துண்டு இருப்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த இயந்திரம் பெருங்காந்தம். இரும்புத் துண்டு நகரவோ சூடேறவோ கூடும், கண்ணிலும் முள்ளந்தண்டருகிலும் அது பேராபத்து. எங்கே காயப்பட்டது என்று யாரும் விசாரிப்பார்களோ என்ற தயக்கத்தில் மறைத்தவர்களை அறிவேன். ‘உலோகத் துண்டு இருக்கு, முதலில எக்ஸ்ரே எடுங்கோ’ என்று மட்டும் சொன்னால் போதும்.

பரியாரியாரிட்ட எண்ணெய் போடுறன், கசாயமும் குடிக்கிறன். கிளினிக்கில சொன்னா ஏசுவினம்.

எண்ணெய் பூசுவதும் ஒத்தடமும் பெரும்பாலும் தீங்கற்றவை, பலருக்கு இதமானவை. விறைத்த தோலில் மட்டும் சூடு தெரியாமல் சுட்டுவிடக்கூடும். உள்ளுக்குக் குடிப்பதைச் சொல்லத்தான் வேண்டும், முக்கியமாகப் பற்பம், செந்தூரம் போன்ற உலோகம் சேர்ந்தவற்றையும், சிறுநீரகப் பழுது இருக்கும்போது எதையும். பரியாரியாரிடமும் கிளினிக் குளிசைகளைக் காட்டுங்கள். ஏச்சு ஐந்து நிமிடத்தில் போய்விடும்.

நொந்தாப் படுத்திருக்கிறதோ, வேலை செய்யிறதோ?

இரண்டும் அளவாக. நாட்பட்ட நாரி நோவில் நீண்ட படுக்கை தசையைக் கரைத்து நோவைக் கூட்டும். நான் அதிகம் காணும் பிழை வேறு: கொஞ்சம் சுகமான காலையில் முற்றம் கூட்டி, குழாய்க்கிணற்றில் எட்டுக் குடம் அடித்து, விறகு கொத்தி, பின்னேரம் நாரி பிடித்து மூன்று நாள் பாயில் கிடப்பது. எட்டுக் குடத்தை இரண்டிரண்டாக, இடையில் இருந்து எழும்பி எடுங்கள். நோ வந்த பிறகு நிறுத்தாமல், வருமுன்னே நிறுத்துங்கள். நாளுக்கு நாள் சற்றே கூட்டலாம். நடை, இயன்மருத்துவர் காட்டிய பயிற்சி ஆகியவற்றின் பலன் கிழமைகளில் தெரியும், அடுத்த நாள் தெரியாது.

மே மாதம் வந்தா நோ கூடுது. இது மனப்பிரமையோ?

ஆண்டுதோறும் மே மாதக் கிளினிக்கில் இதைக் கேட்டிருக்கிறேன், 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்களிடமிருந்து. பிரமை இல்லை. நோவை உணரும் மூளைப் பகுதிகளும் துயரத்தைச் சுமக்கும் பகுதிகளும் பெருமளவு பொதுவானவை. நித்திரை குழம்பிய உடலில் அதே புண் கூட நோகும். நாளையும் இடத்தையும் மணத்தையும்கூட மூளை அடையாளம் வைத்திருக்கும்.

அந்த நாட்களில் குளிசையைக் கூட்டுவதால் பெரும்பாலும் நோ குறைவதில்லை, மயக்கமே கூடுகிறது. ஏப்ரல் கிளினிக்கிலேயே வைத்தியரிடம் சொல்லி வையுங்கள். மனநலப் பிரிவுக்கு அனுப்பினால் மறுக்க வேண்டாம். அங்கே அனுப்புவது நோவை நம்பாததால் அன்று.

ஆஸ்பத்திரியில குளிசை முடிஞ்சுதாம். இருக்கிறதைப் பாதி பாதியா முறிச்சுப் போடட்டோ?

2022 நெருக்கடியில் இதைப் பலர் செய்தார்கள். நடுவில் கோடு உள்ள சாதாரணக் குளிசையை முறிக்கலாம். மெதுவாகக் கரையும் வகையையும், இரைப்பையில் கரையாதபடி உறையிட்டதையும் முறிக்கவோ அரைக்கவோ கூடாது. முன்னதில் முழு மருந்தும் ஒரேயடியாகக் குருதிக்குள் போகும். முறிக்குமுன் மருந்தாளரிடம் காட்டுங்கள். கடைசி நாள் வரை காத்திராமல், ஒரு கிழமைக்கு இருக்கும்போதே வந்து கேளுங்கள்.

எல்லாத்தையும் விட்டிட விரும்புறன். எதை முதல் விடுறது?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். பரசிற்றமோலையும் டைக்ளோபெனாக் வகையையும் எந்த நாளும் நிறுத்தலாம். பழகிய தலையிடி பற்றி மேலே சொன்னதை மட்டும் எதிர்பாருங்கள். ஒமிபிரசோலை நீண்ட நாள் போட்டு நிறுத்தினால் ஒன்றிரண்டு கிழமை நெஞ்செரிவு கூடும், அது அல்சர் திரும்பியதாகாது. ஸ்டெரொயிட், டிரமடோல், பிரிகபலின், கபாபென்டின், அமிற்றிப்ரிலின் ஆகியவற்றை வைத்தியரின் கணக்குப்படி மட்டுமே இறக்க வேண்டும்.

ஓராண்டுக்கு மேல் டிரமடோல் போட்டவருக்கு மாதத்துக்குப் பத்து சதவீதம் என்ற வேகமே பலருக்குப் பொருந்துகிறது. இடையில் ஒரு மாதம் அதே அளவில் நின்றாலும் பரவாயில்லை, முன்னைய அளவுக்குத் திரும்பாமல் இருந்தால் சரி. குறைத்த திகதியைச் சுவர்க் கலண்டரில் எழுதி, அதற்குக் கீழே நோவின் அளவை எழுதாமல், அன்று என்ன செய்ய முடிந்தது என்று எழுதுங்கள்: சந்தை வரை நடந்தது, பேரப்பிள்ளையைத் தூக்கியது, நித்திரை எத்தனை மணிக்கு வந்தது. அந்தக் கலண்டர்த் தாளையே கிழித்துக் கிளினிக்குக்குக் கொண்டுவாருங்கள்.